கணக்குக் கேட்ட அம்பேத்கர்

(ஏற்காடு மலை அடிவாரத்தில் மாணவர்களும் இளைஞர்களும் கூட்டிய படிப்பு வட்டத்தில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சேர்த்திருக்கிறேன். பேச்சுநடையை முழுசாகத் திருத்தவில்லை.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நோட்டீசிலும் அப்படித்தான் போட்டிருக்கு. கவிதை இன்னொரு நாளைக்கு. இன்றைக்குக் கணக்குப் பேசலாம்னு வந்திருக்கேன். கணக்குன்னு சொன்னதுமே பின்னாடி ரெண்டு தம்பிங்க எழுந்து டீக்கடைப் பக்கம் போறாங்க. பரவாயில்லை, குடிச்சிட்டு வாங்க. பன்னிரண்டு வருஷமாக வங்கிக் கவுண்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்திருக்கிறவள் நான். சாயங்காலம் ஒரு ரூபாய் உதைத்தாலும் அந்த ஒரு ரூபாய் எங்கே போனதென்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அப்படிப்பட்ட வேலை. ஆனால் என் சொந்த சேரிக்கு வந்த காசு எங்கே போனதென்று ரொம்ப நாள் வரைக்கும் நான் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில் இருந்துதான் இந்தப் பேச்சு.

நமக்குத் தெரிந்த அம்பேத்கர் யார்? நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம், நீட்டிய விரல். கூண்டுக்குள் நிற்கிற அம்பேத்கரும் உண்டு, அது நம் ஊர் ஆதிக்க சாதிகள் தந்த பரிசு. சட்டம் எழுதியவர், மதம் மாறியவர், காந்தியோடு சண்டை போட்டவர் என்று பேசுகிறோம். 1927 தொடங்கி 1939 வரை, வட்டமேசை மாநாடுகளுக்கு லண்டன் போய்வந்த காலம் போக, அவர் பம்பாய் மாகாண சட்டசபையில் உட்கார்ந்திருந்தார். இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு எம்.எல்.ஏ. அங்கே அவர் செய்த வேலைகளில் பெரிய வேலை சர்க்காரிடம் கணக்குக் கேட்டது. இதை நாம் ஏன் பேசுவதே இல்லை?

அவர் படித்த படிப்பே அதுதான். 1915இல் கொலம்பியாவில் எழுதிய எம்.ஏ. ஆய்வு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. 1923இல் ரூபாயின் பிரச்சினை புத்தகம். 1925இல் மாகாண நிதி பற்றிய புத்தகம். வெள்ளைக்காரன் நம்மிடம் எவ்வளவு வாங்கினான், எங்கே செலவு செய்தான், யாரைக் கேட்டுச் செய்தான் என்று தேடித்தேடிப் படித்தவர். தீண்டப்படாத ஒருவன் அரசாங்கக் கஜானாவின் கணக்குப் புத்தகத்தைத் தொட்டுப் புரட்டினான் என்பதே அந்தக் காலத்தில் ஒரு சத்தியாகிரகம்தான்.

1926 கடைசியில் சர்க்காரே அவரை பம்பாய் சட்டமன்றத்துக்கு நியமித்தது. நியமன உறுப்பினர் என்றால் தலையாட்டுவார் என்று நினைத்திருப்பார்கள். 1927 பிப்ரவரி 24ஆம் தேதி பட்ஜெட் விவாதத்தில் பேச எழுந்தார். எடுத்த எடுப்பில் வரியைப் பிடித்தார். வருமான வரிக்கு ஒரு வரம்பு இருக்கு, அதுக்குக் கீழே சம்பாதிக்கிறவன் வரி கட்ட வேண்டாம். நிலவரிக்கு அப்படி வரம்பு உண்டா? ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவனும் கட்டணும், நூறு ஏக்கர்க்காரனும் அதே விகிதத்தில் கட்டணும். விளைஞ்சாலும் கட்டணும், காஞ்சாலும் கட்டணும். இந்த வரியை ஏற்றுவதும் இறக்குவதும் அதிகாரிகள் கையில். சட்டசபையைக் கேட்க வேண்டியதில்லை. ஜனங்களின் பிரதிநிதியைக் கேட்காமல் ஜனங்களிடம் காசு வாங்க உனக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. நியமன உறுப்பினர் கேட்ட கேள்வி!

அடுத்த மாசம், மார்ச் 12. கல்வி மானியத்தின் மேல் விவாதம். அந்தப் பேச்சைத் தம்பிகள் தங்கச்சிகள் எல்லோரும் கட்டாயம் படிக்கணும். தலைக்கு எவ்வளவு கல்விக்குச் செலவு செய்கிறீர்கள் என்று கேட்டார். பதினாலு அணா. அதே தலைக்குச் சாராயம் கள்ளு கலால் வரியில் எவ்வளவு வாங்குகிறீர்கள்? ரெண்டு ரூபாய்க்கு மேலே. குடிக்க வைத்து எவ்வளவு வாங்குகிறாயோ அவ்வளவையாவது படிக்க வைக்கச் செலவு செய் என்றார். பள்ளிக்கூடத்தில் சேர்கிற நூறு குழந்தைகளில் பதினெட்டுதான் நாலாம் வகுப்பைத் தொடுகிறது என்று அரசாங்கத்தின் எண்களையே எடுத்து அரசாங்கத்தின் முகத்தில் காட்டினார். இதே வேகத்தில் போனால் ஆம்பளப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கு வர 40 வருஷம், பொம்பளப் பிள்ளைகள் வர 300 வருஷம் ஆகும் என்றார்.

300 வருஷம்! 1927ஓடு கூட்டிப் பாருங்கள், 2227. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இன்னும் பிறக்கவே கூடாது அந்தக் கணக்குப்படி. மேலே காப்பித் தோட்டத்தில் பழம் எடுத்த எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் பட்டதாரி. நடுவில் இருக்கிற தூரத்தை யாரோ சண்டை போட்டுக் குறைத்திருக்கிறார்கள்.

அம்பேத்கர் வைத்த அந்த அளவுகோலை நம் தமிழ்நாட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி. அந்த வருஷ பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 40,299 கோடி, உயர்கல்விக்கு 6,967 கோடி. கூட்டினால் கல்வி கொஞ்சம் மேலே நிற்கிறது. நியாயமாகச் சொல்லணும் இல்லையா, தமிழ்நாடு பாஸ். ஆனால் அந்த 45 ஆயிரம் கோடியில் சேரியின் பங்கு எவ்வளவு, அந்த 47 ஆயிரம் கோடியில் சேரியின் பங்கு எவ்வளவு? முதல் கேள்விக்கு நம் வீட்டுப் பெண்களிடம் பதில் இருக்கு. ரெண்டாவது கேள்வியை அம்பேத்கர் இருந்திருந்தால் சட்டசபையில் கேட்டிருப்பார்.

இப்போது ஒரு தேதியைக் கவனியுங்கள். கல்வி மானியத்தில் பேசியது மார்ச் 12. மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது மார்ச் 20. எட்டே நாள். நாம் என்ன செய்துவிட்டோம் என்றால், குளத்துத் தண்ணீரைப் பண்பாட்டுப் போராட்டம் என்று ஒரு பெட்டியிலும் பட்ஜெட் பேச்சை அரசியல் என்று இன்னொரு பெட்டியிலும் போட்டுப் பூட்டிவிட்டோம். அவருக்கு ரெண்டும் ஒண்ணு. எப்படி?

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கிற கிணறு, குளம், சத்திரம், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தீண்டப்படாதவர்கள் பயன்படுத்தலாம். ‘பொதுப் பணத்தில்’ என்கிற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உன் மனசு மாறணும், உன் சாஸ்திரம் மாறணும் என்று அங்கே கெஞ்சவில்லை. இது என் காசும் சேர்ந்து வெட்டின குளம், நகர்சபை ரிஜிஸ்டரில் இருக்கிற குளம், எனக்குப் பங்கு உண்டு. அவ்வளவுதான். மூன்று வருஷம் ஆகியும் எந்த ஊரும் திறக்கவில்லை என்றதும் 1926இல் இன்னொரு தீர்மானம்: திறக்க மாட்டேன் என்கிற நகராட்சிக்கு மானியத்தை நிறுத்து. பாருங்க, தீண்டாமையின் கழுத்தை எங்கே பிடிக்கணும் என்று தெரிந்த கை.

மகாத் மேல்சாதிக்காரர்களுக்கும் அது புரிந்தது. அதனால்தான் அவர்கள் கோர்ட்டுக்குப் போனபோது வேதத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அது பொதுக் குளமே இல்லை, தனியார் சொத்து என்று வழக்குப் போட்டார்கள். பொதுச் சொத்து என்று ஒப்புக்கொண்டால் தீண்டாமைக்குச் சட்டத்தில் நிற்க இடமில்லை. பத்து வருஷம் இழுத்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அம்பேத்கர் பக்கம் தீர்ப்பானது. நம் சென்னை மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டு வந்த தீர்மானமும் பொதுச் சாலை, பொதுக் கிணறு பற்றியதுதான். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று வரிசையாகச் சொல்லி, முழுதாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படுபவை என்று வரும். மகாத் குளத்துத் தண்ணீர் அந்த வரியில் இன்னும் ஈரமாக இருக்கு.

அடுத்தது வத்தன் மசோதா. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். எனக்கு இது வீட்டு விஷயம்.

மகாராஷ்டிரத்தில் மகர்கள் கிராமத்தில் சர்க்கார் வேலை செய்தார்கள். தபால் தூக்குவது, அதிகாரி வந்தால் ஓடுவது, எல்லைக் கல் காட்டுவது, தண்டோரா, பிணம். ராத்திரி பகல் கிடையாது. வீட்டில் அப்பன் இல்லை என்றால் மகன் போகணும், மகன் இல்லை என்றால் பொண்டாட்டி போகணும். சம்பளம்? துண்டு நிலம் ஒண்ணு மானியமாக, அதுக்கும் ஒரு வரி. மீதி, ஊர்க்காரன் களத்தில் போடுகிற தானியம். வேலை சர்க்காருக்கு, கூலி ஊரானிடம் பிச்சை மாதிரி. 1928 மார்ச்சில் அம்பேத்கர் இந்த 1874ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டு வந்தார். வேலை வாங்குகிறவன் நீ, உன் கஜானாவில் இருந்து சம்பளம் கொடு என்றார். சர்க்காருக்கு அடிவயிற்றில் கலக்கம். ஏன்னா அந்த உழைப்பு அதுவரைக்கும் எந்த பட்ஜெட்டிலும் செலவாக வந்ததே கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் உழைப்பு, கணக்கில் சைபர். மசோதாவை இழுத்தடித்தார்கள், அவர் 1929இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த வத்தன் முறை பம்பாயில் சட்டப்படி ஒழிந்தது 1958இல் வந்த சட்டத்தால், அவர் இறந்த பிறகு.

எங்க தாத்தா வெட்டியான். தமிழில் ‘வெட்டி’ என்றாலே கூலி இல்லாத வேலை என்றுதான் பொருள். சொல்லிலேயே இருக்கு. மணியக்காரர் கூப்பிட்டா சோத்துத் தட்டை வச்சுட்டு எழுந்து போயிடுவாராம். அறுவடைக்குக் களத்து மூலையில் நின்று வாங்கின நெல்லை எங்கம்மா ‘கூலி’ன்னு சொல்ல மாட்டாங்க, ‘போட்டது’ன்னுதான் சொல்லுவாங்க. நாய்க்குப் போடுற மாதிரி. தாத்தா செய்த வேலைக்கு மணி நேரம் போட்டு வட்டியோடு ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். பாதியில் நிறுத்திட்டேன்.

1937இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி சார்பில் தேர்தலில் ஜெயித்து வந்தார். கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டு வந்தார். அது தனியாகப் பேச வேண்டியது. ஒண்ணு மட்டும் சொல்றேன். காங்கிரஸ் மந்திரிகளுக்கு மாசம் 500 ரூபாய் போதும் என்று தியாகப் பேச்சு ஓடியபோது அவர் அதற்குக் கைதட்டவில்லை. திறமை, ஜனநாயகம், நிர்வாகத்தின் நேர்மை இதையெல்லாம் வைத்துச் சம்பளத்தை யோசிக்கணும் என்றார். கணக்குக் கேட்கிறவன் கஞ்சன் இல்லை. கதர் சட்டையில் ஒட்டுப் போட்டுக் காட்டுவதும் கணக்குக் காட்டுவதும் வேற வேற.

அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். 1949 மே 30. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், சி.ஏ.ஜி. என்கிறோமே, அந்தப் பதவி பற்றிய விவாதம். அரசியல் சட்டத்திலேயே முக்கியமான அதிகாரி அநேகமாக இவர்தான் என்றார் அம்பேத்கர். நீதித்துறையின் வேலையைவிட இவர் வேலை பெரிது, ஆனால் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அளவு சுதந்திரத்தை இவருக்குக் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். நாம் அநியாயம் நடந்தால் ஓடுவது கோர்ட்டுக்கு. சட்டம் எழுதியவர் கை காட்டியது தணிக்கைக்காரரை. தணிக்கை அறிக்கை கவர்னர் வழியாகச் சட்டசபைக்கு வரும், பொதுக் கணக்குக் குழு அதைப் பார்க்கும். பெரும்பாலும் கூட்டத்தொடர் முடிகிற நாளில் வைத்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். பத்திரிகையில் ஒரு நாள் செய்தி. நம் இயக்கத்தில் அதை வாங்கிப் படித்தவர் எத்தனை பேர்? நானே சமீபத்தில்தான்.

இனி நம் காசு. 1979-80இல் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. அதுக்கு முன்பே, ஐந்தாவது திட்ட காலத்தில், பழங்குடிகளுக்குத் துணைத் திட்டம். மக்கள்தொகையில் நாம் எவ்வளவோ, திட்டச் செலவில் அவ்வளவு பங்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் தலித், ஒருவர் பழங்குடி. இதோ மேலே ஏற்காட்டில் இருக்கிற மலையாளி மக்கள் அந்த ஒருவரில் வருகிறவர்கள். தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கான தனித்தொகுதி ரெண்டே ரெண்டு, அதில் ஒண்ணு ஏற்காடு. பட்ஜெட் புத்தகத்தில் தலித் பங்குக்கு ஒரு எண் உண்டு: 789. பழங்குடிக்கு 796. எழுதி வச்சுக்குங்க. நம் துறை மட்டும் என்றால் மானியக் கோரிக்கை எண் 4. ஆனால் நான் சொல்கிற இந்த 789 எல்லாத் துறைக்குள்ளும் ஒளிந்திருக்கும். நெடுஞ்சாலை, விவசாயம், குடிநீர், எங்கே பார்த்தாலும்.

ஒளிந்திருப்பதில்தான் சூது. நூறு கோடிக்கு ஒரு சாலை போடுவார்கள். அதில் தலித்தும் நடப்பான் என்று இருபது கோடியை 789இல் எழுதுவார்கள். சாலை சேரிக்கு வராது, கணக்கு வரும். டெல்லியில் இன்னும் துணிச்சல். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு நம் சிறப்புக் கூறு நிதியில் இருந்து எடுத்துச் செலவு செய்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளியே கொண்டு வந்தார்கள். 678 கோடிக்கு மேல் போயிருக்கிறது என்று உள்துறை மந்திரி ப. சிதம்பரம் 2010 ஆகஸ்டில் ராஜ்யசபாவிலேயே ஒப்புக்கொண்டார். ஆந்திராவும் கர்நாடகாவும் 2013இல் இந்த நிதியைக் காக்கச் சட்டம் போட்டன. கர்நாடகச் சட்டத்தில் 7(டி) என்று ஒரு பொந்து. பொதுச் செலவில் ஒரு பகுதியை நமக்குச் செய்ததாகக் கருதிக்கொள்ளலாமாம். 2023இல்தான் அதை நீக்கினார்கள். நம் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2024இல். திராவிட ஆட்சி தொடங்கி 57 வருஷம் கழித்து. வந்ததை வேண்டாம்னு சொல்லலை. அதில் பொந்து எங்கே இருக்குன்னு வரிவரியாகப் படிக்கிற வேலை நம்முடையது.

2021 ஆகஸ்டில் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார் இல்லையா? ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றார். மறைக்காமல் சொன்னது நல்ல காரியம்தான், அதை நான் பாராட்டுவேன். ஆனால் டிவியில் அதைக் கேட்ட எங்க தெருக் கிழவி ஒண்ணு மறுநாள் என்னிடம் வந்து, “ஏம்மா, நீ பேங்குலதானே இருக்கே, நான் யார்கிட்ட வாங்கினேன்னு பார்த்துச் சொல்லு”ன்னு கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரலை. கடனைப் பங்கு வைக்கும்போது ஜாதி பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வைக்கத் தெரிகிறது. வாங்கின கடனில் போட்ட சாலையும் பாலமும் மட்டும் ஏன் சமமாக வரவில்லை? கிழவி கேட்டது சரியான தணிக்கைக் கேள்வி.

கடைசியா ஒண்ணு. சொல்லலாமா வேண்டாமான்னு வழி முழுக்க யோசிச்சுக்கிட்டு வந்தேன்.

சில வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு பொண்ணுக்கு அரசு கல்வி உதவித்தொகை வந்தது. அவளும் அப்பாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு. அப்பா எப்பவோ வாங்கின மாட்டுக் கடன் பாக்கி. வந்த பணத்தைக் கடனில் வரவு வைக்கச் சொன்னார்கள். பதிவைப் போட்டது நான்தான். என் விரல்தான் பட்டனை அழுத்தியது. ரெண்டு நாள் கழித்து அவள் வந்தாள். “அக்கா, என் காசு எங்கே?” நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். இங்கே பற்று, இங்கே வரவு, கணக்கு சரியா இருக்கும்மா என்றேன். அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “கணக்கு சரியாத்தான் இருக்கு. என் காசுதான் இல்லை” என்றாள். அழவில்லை. நான்தான் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

அப்புறம் மனு எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படிப்புக்கென்று அரசு தந்த பணத்தை அப்பனின் கடனுக்கு எந்த விதியின் கீழ் எடுத்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. மேலே மேலே அனுப்பினோம். ஐந்து மாசம் கழித்துப் பணம் திரும்பி வந்தது. அதுக்குள்ளே பரீட்சைப் பணம் கட்ட அவங்க அம்மா கம்மலை அடகு வைத்தாகிவிட்டது. அந்த வட்டியை எந்தக் கணக்கிலும் யாரும் வரவு வைக்கவில்லை.

இந்தச் சமுதாயக் கூடத்துக்கு உள்ளே வரும்போது வாசலில் கல்வெட்டு பார்த்தேன். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர் பெயரெல்லாம் தங்க எழுத்தில் இருக்கு. பக்கத்தில் தகரப் பலகை. திட்டத்தின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் இருக்க வேண்டிய பலகை. அதன் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கு. யார் வீட்டுச் சாவோ, மன்னிக்கணும், அதைத் தண்ணி போட்டு மெதுவா உரிச்சிடலாம். கக்கூசுக்குக் கதவு இல்லைன்னு பிள்ளைங்க சொன்னாங்க. மதிப்பீட்டில் கதவு இருந்ததான்னு பார்ப்போம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு நான் நாலு வாங்கி வந்திருக்கேன். தகவல் உரிமை மனு எப்படி எழுதறதுன்னு இப்பவே உட்கார்ந்து எழுதலாம். கையெழுத்து நல்லா இருக்கிற ரெண்டு பேர் முன்னாடி வாங்க. டீக்கடைக்குப் போன தம்பிங்களையும் கூப்பிடுங்க.